மூணு படித் தவிடு

என் பிள்ளைதாங்க. உள்ளே சன்னல் ஓரத்துல பச்சைப் போர்வையைப் போத்திக்கிட்டு ஒரு பையன் படுத்திருக்கான்ல, டயாலிசிஸ் மிஷின் ஓடுதுல்ல, அவன்தான். கவின்ராஜ்னு பேரு. வீட்டுல தவிட்டுன்னு கூப்பிடுவோம். நான் பெத்தது இல்லை. தவிட்டுக்கு வாங்குனது. என்ன அப்படிப் பார்க்கிறீங்க? உங்க ஊர்ல அந்தப் பழக்கம் கிடையாதா? எங்க ராஜபாளையம் பக்கம் உண்டு.

பெத்தவ யாருன்னா, அந்தா மூணு நாற்காலி தள்ளி மஞ்சச் சேலை கட்டிக்கிட்டு குனிஞ்ச தலை நிமிராம உட்கார்ந்திருக்கா பாருங்க, அவதான். முனீஸ்வரி. என் தம்பி பொண்டாட்டி. வாயைக் கவனிங்க, முணுமுணுமுணுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். சாமி கும்பிடுறாளாம். ஆஸ்பத்திரியில கரண்டு போனா மிஷின் நின்னாலும் நிக்கும், இவ வாய் நிக்காது.

பிள்ளைக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. இவ கிட்னி அவனுக்குச் சேரும்னு டெஸ்ட்டெல்லாம் எடுத்துச் சொல்லிட்டாங்க. இன்னைக்கு அந்தா அந்த ரூமுக்குள்ள பெரிய டாக்டருங்க உட்கார்ந்திருக்காங்க. கிட்னி குடுக்கிறவங்களைக் கூப்பிட்டு, நீ யாரு, சீக்காளி உனக்கு என்ன வேணும், மனசாரத்தான் குடுக்கிறியான்னு கேட்பாங்களாம். கேமராவுல பிடிப்பாங்களாம். இவ வாயைத் திறந்து, ‘நான்தான் அவன் அம்மா’ன்னு சொல்லணும். அம்புட்டுத்தான். சொன்னா ஆபரேஷன். சொல்லலைன்னா இல்லை. சொல்ல மாட்டேன்னு உட்கார்ந்திருக்கா. இப்படி ஒரு பொம்பளையை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

உங்க வீட்டுக்காரருக்கா டயாலிசிஸ்? அப்ப மத்தியானம் ஆயிரும். உட்காருங்க, சொல்றேன்.

இவளுக்கு முதல்ல ஒரு பொம்பளைப் பிள்ளை பிறந்து தவறிப் போச்சு. அப்புறம் இவன். மூணு வயசுல இவனுக்கு மொகம் வீங்குச்சு. காலையில எந்திரிச்சா கண்ணே தெரியாது, அப்படி ஒரு வீக்கம். டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போடின்னேன். போனா, போகலைன்னு சொல்லக்கூடாது. ஆனா போற வழியில ஒரு சாமியையும் விடலை. செவ்வாய்க்கிழமை மாரியம்மன், வியாழக்கிழமை தர்காவுல ஓதிக் கயிறு, வெள்ளிக்கிழமை மறுபடியும் மாரியம்மன், ஞாயித்துக்கிழமை மாதா கோயில் எண்ணெய். ஏண்டி, இம்புட்டுப் பேரைக் கூப்பிட்டா எவரு வேலை பார்ப்பாரு, அவரு பார்ப்பாரு இவரு பார்ப்பாருன்னு ஆளாளுக்கு விட்டுற மாட்டாங்களான்னு கேட்டேன். அவ சிரிக்கலை. “யாராவது ஒருத்தராவது வீட்டுல இருப்பாங்கள்ல மதினி”ங்கிறா. பதிலைப் பாருங்க.

செருப்புப் போட மாட்டா. தலையில பூ வைக்க மாட்டா. பிள்ளைக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரா, அன்னையில இருந்து இவளும் உப்பை விட்டுட்டா. உப்பில்லாம இவ சாப்பிட்டா அவன் வீக்கம் வடியுமாக்கும்! பேண்டேஜ் துணி நெய்யிற தறியில நாளெல்லாம் நின்னுட்டு வந்து, உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சிட்டுப் படுப்பா. நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கூறுகெட்டவகிட்ட என்னத்தைச் சொல்ல?

அந்தச் சமயத்துலதான் ஒரு கோடாங்கி வந்து சேர்ந்தான். உடுக்கையை அடிச்சிக் குறி சொல்றவன். ‘முனீஸ்வரி பிள்ளை எங்கே’ன்னு எமன் கேட்டுக்கிட்டு வர்றானாம். இவ பிள்ளையே இல்லைன்னு ஆக்கிட்டா, விலாசம் தெரியாமத் திரும்பிப் போயிருவானாம். அதனால பிள்ளையை வேற ஒரு பொம்பளைக்குத் தவிட்டுக்கு வித்துரணுமாம். எமன் என்ன, அடுத்த வீட்டுல விசாரிக்க மாட்டானா? அம்புட்டு விவரம் கெட்டவனா? நான் கேட்டேன். என் தம்பி சோலைராஜும் கேட்டான். ம்ஹூம். அவ எங்க வீட்டு வாசல்ல பிள்ளையோட வந்து நின்னுட்டா.

அப்ப நாங்க ரெண்டு மாடு வச்சிருந்தோம். வீட்டுல தவிடு கிடந்துச்சு. முறத்துல மூணு படி அளந்து அவ மடியில கொட்டினேன். பிள்ளையை அந்த முறத்துலேயே கிடத்திக் குடுத்தா. பெரிய பிள்ளை, கால் ரெண்டும் வெளியே தொங்குது. ‘தவிட்டைக் குடுத்தேன், பிள்ளையை வாங்கினேன்’னு நான் மூணு வாட்டி சொல்லணும். ‘தவிட்டை வாங்கினேன், பிள்ளையை வித்தேன்’னு அவ சொல்லணும். சொன்னா. சொல்லும்போது குரல் கொஞ்சங்கூட நடுங்கலை. கல் நெஞ்சுன்னா அதுதான். திரும்பிப் பார்க்காமப் போகணும்னு கோடாங்கி சொல்லியிருந்தானா, போயிட்டா. தெருமுனை வரைக்கும் நான் பார்த்துக்கிட்டே இருந்தேன், திரும்பலை.

எனக்கு இதுலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாதுங்க. ஏதோ அவ மனசு ஆறட்டும்னு ஒரு விளையாட்டுக்குச் செஞ்சேன். எனக்குப் பிள்ளை இருக்கான்னா? இல்லை. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆனா ஒண்ணு, பேசுனா பேசுனபடி நிக்கணும்ல? வித்தாச்சுன்னா வித்தாச்சு. அவன் எங்க வீட்டுல படுத்தான். எங்க வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போனான். என்னை அம்மாம்பான். எங்க வீட்டுக்காரரை அப்பாம்பான். பெத்த அப்பனை மாமா, பெத்தவளை அத்தை. முதல்ல கொஞ்ச நாள் மாத்தி மாத்திக் கூப்பிட்டான். அப்படிச் சொல்லக்கூடாதுடா, ஆத்தா கோவிச்சுக்கிடும்னு சொல்லிக் குடுத்தேன். சின்னப் பிள்ளைக்குச் சாமி பேரைச் சொன்னாத்தானே பயம் வரும்.

அவ தினம் சாயங்காலம் வருவா. உப்பில்லாம இட்லியோ, கஞ்சியோ, ஏதாவது ஒண்ணு தூக்குல கொண்டாருவா. வீட்டுக்குள்ள வர மாட்டா. நடையில நின்னுக்கிட்டு, “உங்க பையனுக்கு இன்னைக்கு எப்படி இருக்கு மதினி?”ன்னு கேட்பா. உங்க பையனாம்! எங்க தெருப் பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. ஒரு நாளாவது உள்ளே வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பாளா? மாட்டா. பெத்தவளுக்கு அந்த ஆசைகூடவா இருக்காது? எனக்கென்னமோ இவளுக்குப் பாசமே கிடையாதுன்னுதான் தோணும். பாசம் இருக்கிறவ இப்படி இருப்பாளா, நீங்களே சொல்லுங்க.

ஒரு தடவை அவனுக்குக் கடுங்காய்ச்சல். அன்னைக்குத்தான் உள்ளே வந்தா. கட்டில் ஓரத்துல நின்னா. அவன் கண்ணை மூடிக்கிட்டே, “அம்மா”ன்னு கையை நீட்டுறான். அவ பக்கமா நீட்டுறான். இவ சேலைத் தலைப்பை வாயில அடைச்சிக்கிட்டு, “உங்களைத்தான் கூப்பிடுறான் மதினி”ன்னுட்டு வெளியே ஓடிட்டா. எனக்குத் தெரியாதாக்கும். என்னைத்தான் கூப்பிட்டான். காய்ச்சல்ல கை தடம் தெரியாமப் போச்சு, அம்புட்டுத்தான்.

அப்புறம் போன வருஷம் கிட்னி ரெண்டும் சுருங்கிப் போச்சுன்னுட்டாங்க. டயாலிசிஸ் ஆரம்பிச்சோம். குடிக்கிற தண்ணிக்குக்கூட அளவு. அந்த நேரத்துல போய் இவ கோயில் தீர்த்தத்தைக் கொண்டாந்து நிக்கிறா. பைத்தியமா உனக்குன்னு கத்தினேன். “தெரியும் மதினி, உதட்டுல மட்டும் தொட்டு வைங்க”ன்னா. வச்சேன். பிள்ளை கேட்டுச்சேன்னு வச்சேன்.

இங்கே ஆஸ்பத்திரியில எல்லாரும் என்னைத்தான் அம்மாம்பாங்க. நர்ஸு, வார்டு பாய், கேன்டீன்காரர், எல்லாரும். ‘தவிட்டு அம்மா’ன்னு பேரு. கூட இருந்து பார்த்துக்கிடுறது நான்தானே? அம்மா யாருன்னு டாக்டர் கேட்டப்பவும் முனீஸ்வரி என்னைத்தான் கையைக் காட்டினா. அவ காட்டினா, நான் பேசாம இருந்தேன். குறுக்க பேசி என்னத்துக்குன்னு இருந்தேன்.

அப்புறம் கிட்னி மாத்தணும், வீட்டுல யாரு குடுப்பீங்கன்னாங்க. சோலைராஜுக்குச் சர்க்கரை, அவனுது ஆகாதுன்னுட்டாங்க. அம்மா குடுக்கலாம்னாங்க. நான்தானே அம்மா? எடுத்துக்குங்கன்னுட்டேன். ஒரு நிமிஷம் யோசிக்கலை, தெரியுமா? ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, இங்கே போ அங்கே போன்னு ஒரு மாசம் இழுத்துச்சு. கடைசியில ஒரு சின்ன வயசு லேடி டாக்டர், எல்லாம் கேட்டுக்கிட்டே வந்துச்சு. வயசு என்ன, பிரஷர் உண்டா, அப்புறம், “எத்தனை பிரசவம்மா உங்களுக்கு?”

“ஒண்ணும் இல்லை டாக்டரம்மா”ன்னேன்.

அந்தப் பொண்ணு நிமிர்ந்து பார்க்குது. “பின்னே கவின்ராஜ்?”

“தவிட்டுக்கு வாங்கினேன்.”

“எதுக்கு வாங்கினீங்க?”

“தவிடு, தவிடு. மாட்டுக்குப் போடுவோம்ல.”

அந்தப் பொண்ணு பேனாவைக் கீழே வச்சுச்சு. அப்புறம் போட்டுச்சு பாருங்க ஒரு சத்தம்! ஒரு மாசம் வீணாப் போச்சே, பெத்தவங்க இல்லைன்னா உங்க கிட்னியை லேசுல எடுக்க விட மாட்டாங்களே, பிள்ளை என்ன நிலைமையில இருக்கான், படிச்சுப் படிச்சுக் கேட்டோமே, பெத்தவ யாருன்னு ஒருத்தருமா சொல்லலைன்னு. என்னை ஏன் சத்தம் போடுது? அம்மாவான்னு கேட்டாங்க, ஆமான்னேன். பெத்தியான்னு எவராவது கேட்டாங்களா? தப்பு முழுக்க முனீஸ்வரி மேல. பெத்தவ அவ, அவ வாயைத் திறந்திருக்கணும்ல?

அவளைக் கூப்பிட்டு நிறுத்தினாங்க. “நீதான் இவனைப் பெத்தியாம்மா?” பேச மாட்டேங்கிறா. “சொல்லும்மா.” கண்ணுல தண்ணியா ஊத்துது. “மதினிகிட்டக் கேளுங்க”ங்கிறா. அந்த டாக்டர் பொண்ணுக்கே அழுகை வந்திரும்போல ஆயிருச்சு. கடைசியில சோலைராஜ்தான் சொன்னான். டெஸ்ட் எடுத்தாங்க. எல்லாம் ஒத்துப் போச்சு. அச்சு அசலாச் சேருதாம்.

அதுக்கு அப்புறமாவது புத்தி வரணும்ல? எங்கிட்ட வந்து கையைப் பிடிச்சிக்கிட்டா. “ஒண்ணு என்ன மதினி, ரெண்டையும்கூட எடுத்துக்கிடட்டும். ஆனா தவிட்டை நீங்க திருப்பி வாங்கிக்கிடுங்க. வித்த பிள்ளையை, வாங்குனவங்க மனசாரத் திருப்பிக் குடுக்காம, எம்பிள்ளைன்னு நான் சொன்னா அது களவாண்டது மாதிரி. ஆத்தா அவனைப் பறிச்சுக்கிடுவா. அம்புட்டுப் பேருக்கு முன்னால என்னால அப்படிச் சொல்ல முடியாது மதினி.”

கேட்டீங்களா கதையை? படிக்காதவளா இவ? பத்தாவது வரைக்கும் போயிருக்கா. இப்பத் தவிடு வாங்குறது லேசாங்க? மாடு வச்சிருக்கிறவங்களே குறைஞ்சு போயிட்டாங்க. எந்த அரிசி மில்லுல போய் நின்னாளோ, வாங்கிட்டு வந்துட்டா. தினமும் கொண்டாருவா, நான் கையால தொட மாட்டேன், திருப்பிக் கொண்டு போவா. இந்தா, நமக்கு நடுவுல இந்த நாற்காலி மேல இருக்கே துணிப்பை, அதுதான். காலையில வந்து வச்சிட்டு அங்கே போய் உட்கார்ந்துக்கிட்டா.

நான் ஏன் வாங்கலைன்னு கேட்கிறீங்க. நல்லாக் கேட்டீங்க. எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்கிறார். ‘தவிடுதானே வேலுத்தாயி, வாங்கி வச்சிரு’ங்கிறார். தவிடுதானேவாம்! அவருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் நம்பிக்கையே இல்லைங்கிறேனே, நம்பிக்கை இல்லாதவ எதுக்கு அந்தக் கூத்தைப் போய் ஆடணும்? அன்னைக்கு ஆடினியேன்னா, அது அன்னைக்கு. அன்னைக்கு இவ வாசல்ல வந்து நின்னு அழுதா.

எட்டு வருஷங்க. நினைச்சா விக்கிறதுக்கும் நினைச்சா வாங்குறதுக்கும் அவன் என்ன சந்தைச் சரக்கா? ராத்திரி எத்தனை வாட்டி எந்திரிச்சு அவன் கால் வீங்கியிருக்கான்னு அமுக்கிப் பார்த்திருப்பேன். ஊசி போடும்போது யார் கையைப் பிடிச்சிக்கிட்டான்? நாளைக்கே நான் இந்தப் பையைக் கையில வாங்கிட்டா, ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் அவன் என்னை என்னன்னு கூப்பிடுவான்? அத்தைம்பான். பழகின வாய், உடனே மாறாதுதான். ஆனா மாத்திருவாங்க. நான் மாத்தலை?

அதுக்காக வாங்காம இருக்கேன்னு நினைச்சிராதீங்க. மூடநம்பிக்கைக்குத் துணை போகக்கூடாதுங்கிறதுதான். அவ வாயைத் திறந்து சொல்லட்டுமே, தவிடு என்ன தடுக்குது? அவ ஆத்தாதான் தடுக்குதுன்னா அந்த ஆத்தாகிட்ட போய்க் கேட்கட்டும், எங்கிட்ட எதுக்கு வர்றா? பிள்ளையைக் காப்பாத்துறதுக்குக் கும்பிட்ட சாமி, இன்னைக்குப் பிள்ளை உசுருக்கே குறுக்க வந்து நிக்குது. இம்புட்டு வருஷம் கும்பிட்டதுக்கு நல்ல கூலி!

இருங்க. கதவைத் திறக்கிறாங்க. என்ன சொல்றாங்க? கவின்ராஜ் அம்மா யாருன்னா கேட்கிறாங்க? இந்தா வந்துட்டேன்... ஆத்தாடி, நான் பாட்டுக்கு எந்திரிச்சிட்டேன் பாருங்க. பழக்கம். இவங்க இன்னைக்கு என்னைக் கூப்பிடலை.

அவளும் எந்திரிச்சிட்டா.

என்னைப் பார்க்கிறா பாருங்க. என்னடி பார்வை? பையைப் பார்க்கிறா. அப்படியே இருக்குடி, நான் தொடலை. திரும்பி உட்கார்ந்துக்குவா பாருங்க. உட்காரலையே. ஐயையோ, நடக்கிறாளே. கதவுகிட்டப் போயிட்டா.

கேட்டுச்சா உங்களுக்கு? என்ன சொன்னா? “நான்தாங்க, நான்தான் அவன் அம்மா”ன்னா? இம்புட்டுச் சத்தமாவா?

அடிப்பாவி! அடி கூறுகெட்டவளே! திருப்பாமச் சொல்லிட்டியேடி! நான் இன்னும் வாங்கலையேடி! பிள்ளை உள்ளே மிஷின்ல கிடக்கிறானேடி, எப்படிடி உனக்கு வாய் வந்துச்சு? எட்டு வருஷம் இருந்தவளுக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்க முடியாதா? நான் வாங்கிக்கிட மாட்டேன்னா சொன்னேன்?

ஏங்க, அந்தப் பையை எடுங்க. என்னைப் பார்த்துக்கிட்டு நிக்காதீங்க, எடுங்க! முடிச்சை அவிழுங்க, இல்லை, பிச்சிருங்க. என் மடியில கொட்டுங்க. அவ கையால கொண்டாந்து வச்சதுதானே, செல்லும், செல்லாம என்ன. கொட்டுங்க முழுசா. தரையில சிந்தினா சிந்திட்டுப் போகுது, பெருக்குறவங்ககிட்ட நான் பேசிக்கிடுறேன். ஒரு பொட்டுகூடப் பையில இருக்கக்கூடாது, உதறுங்க.

தவிட்டை வாங்கினேன், பிள்ளையைக் குடுத்தேன். தவிட்டை வாங்கினேன், பிள்ளையைக் குடுத்தேன். நீங்க சாட்சி, கேட்டுக்குங்க. தவிட்டை வாங்கினேன், பிள்ளையைக் குடுத்தேன்.

ஏ முனீஸ்வரி! இங்கே திரும்பிப் பாரு! வாங்கிட்டேன்டி! மூணு படியும் வாங்கிட்டேன். இந்தா பாரு மடியில. மனசாரத்தான். பயப்படாமப் போ. உள்ளேயும் இதே சத்தத்துல சொல்லு, எம்பிள்ளைன்னு சொல்லு. வெளியில நிக்கிறவ யாருன்னு கேட்டாங்கன்னா, அவனுக்கு அத்தைன்னு சொல்லிரு.